தோளுக்கேற்ற கட்டை

ஆர்டிஸ் டொலெஃப்சனுக்கு மலையாட்டு உரிமம் கிடைத்த செய்தி அவளுடைய தபால் வண்டியை முந்திக்கொண்டு பள்ளத்தாக்கைச் சுற்றிவந்தது. அந்தக் கோடை முழுவதும் சாலையோரத் தபால் பெட்டிகளின் அருகே யாராவது ஒருவர் அவளுக்காகக் காத்து நின்றார்கள். கையில் தபால் இருக்காது. வாயில் ஆலோசனை இருக்கும்.

மோண்டானாவில் பெருங்கொம்புக் கிடாவை வேட்டையாட ஆண்டுதோறும் குலுக்கல் நடக்கிறது. பெரும்பாலோர் வாழ்நாளெல்லாம் விண்ணப்பித்துவிட்டு, பெயர் வராமலே கல்லறைக்குப் போகிறார்கள். திருமணமான ஆண்டு தொடங்கி விண்ணப்பித்து வந்த ஆர்டிஸுக்குப் பெயர் வந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வலத் தோளில் அறுவைத் தழும்பு ஆறிக்கொண்டிருந்தது. செய்தியைப் படித்ததும் அவளுக்குத் தோன்றியது ஒரே ஒரு சொல்தான்: இப்போதா? அந்த உரிமத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. அடுத்த இலையுதிர் காலத்துக்கு ஒத்திப்போடவும் முடியாது.

தோளைத் தின்றது தபால் வேலை. சுக்கான் வண்டியின் இடப்பக்கம். பெட்டிகளோ சாலையின் வலப்பக்கம். ஊர்ப்புறத் தபால்காரர்கள் இருக்கையின் நடுவில் ஒருக்களித்து அமர்ந்து, இடக்கையால் ஓட்டி, வலக்கையை ஜன்னல் வழியே நீட்டி நீட்டிப் பெட்டிகளை நிரப்புவார்கள். அப்படி நீட்டிய கைக்கு ஒரு நாள் கூந்தலைப் பின்னக்கூட இயலாமற்போனது. மருத்துவர் தசைநாரைத் தைத்துச் சேர்த்தார். தைத்தது பிடித்துக்கொண்டது, ஆனால் உடம்பெங்கும் பரவிய களைப்பு மட்டும் விடைபெறவில்லை. அது காலையில் அவளுக்கு முன்பே விழித்துக்கொண்டு காத்திருந்தது.

அவளுடைய துப்பாக்கி தொலைநோக்கியோடு சேர்த்து ஒன்பது பவுண்டு. குழலையும் விசையையும் தாங்கி, சுடுபவரின் தோளோடு அணைந்துகொள்ளும் அதன் கட்டை, இறுகிய வால்நட் மரத்தால் ஆனது. அந்தக் கனத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறிப் பார்த்தாள். பாதியில் கை மரத்துப்போய்த் திரும்பினாள். மலையாடுகள் நிற்கும் இடமோ மரங்களும் முடிந்துபோகும் உயரம்.

தம்பி ரோலி அவளோடு வருவான். அவனிடம் கொடுத்தால் அவன் சுமப்பான். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் சுடுகிறவர்தான் துப்பாக்கியைச் சுமக்க வேண்டும். வெளியூர்ப் பணக்காரர்கள் வழிகாட்டியின் முதுகில் துப்பாக்கியை ஏற்றிவிட்டுக் கைவீசி நடப்பதை ஊரே கேலி பேசும். அந்தக் கேலிகளில் மிகக் கூர்மையானவை ஆர்டிஸின் வாயிலிருந்து வந்தவை.

ஆகவே கட்டையை மாற்றுவது என்று முடிவாயிற்று. எந்தக் கட்டை என்பதைப் பள்ளத்தாக்கே விவாதித்தது.

ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஹோபர்ட் தம் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார். உள்ளே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கட்டை குறுக்காகச் செருகப்பட்டிருந்தது.

"ஹோபர்ட், பெட்டிக்குள்ள தபால் மட்டும்தான் இருக்கணும். ஸ்டாம்பு இல்லாத சாமான் வெச்சா நான் மேல எழுதிக் குடுக்கணும், தெரியுமில்ல?"

"ஸ்டாம்பை என் நெத்தியில ஒட்டிட்டுப் போ. இது என் துப்பாக்கியில இருந்து கழட்டினது. உன்னோடதும் அதே ரகம்தான? மழையில ஊறட்டும், பனியில கெடக்கட்டும், ஒண்ணும் ஆகாது."

"கழட்டிக் குடுத்துட்டு நீங்க எதை வெச்சு சுடுவீங்க?"

"நான் எங்க சுடப் போறேன்? என் முட்டிக்கு வீட்டு வாசப்படியே மலை. நீ போய்ட்டு வாம்மா. எங்க எல்லாருக்கும் சேத்து ஒருதரம் போய்ட்டு வா."

அவள் சிரித்து வாங்கிக்கொண்டாள். வண்டி நகர்ந்த பின், அந்தக் கடைசி வாக்கியம் பிளாஸ்டிக்கைவிடக் கனமாக அவளருகே இருக்கையில் வந்து உட்கார்ந்தது.

கட்டைகளை மாற்றிப் பொருத்தும் பொறுப்பைக் கணவன் வெண்டல் ஏற்றுக்கொண்டான். தானியக் கிடங்கில் வேலைபார்த்து இடுப்பு தேய்ந்தவன். மலை அவனுக்கு முடிந்துபோன விஷயம். அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து, துப்பாக்கியைக் கிடத்தி, திருகாணிகளைத் திருப்பிக்கொண்டிருப்பதே அவனுக்கு வாய்த்த வேட்டை.

ஹோபர்ட்டின் கட்டையைப் பொருத்திவிட்டு, குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு காகிதத் தாளை நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தான். தாள் தடையின்றிப் போய்வந்தது. பிறகு முன்பகுதியை இரு விரல்களால் அழுத்தினான். பிளாஸ்டிக் வளைந்து குழலைத் தொட்டது, தாள் சிக்கிக்கொண்டது.

"பாத்தியா? நாய் வாலாட்டுற மாதிரி ஆடுது. பாறை மேல அழுத்தி வெச்சு சுட்டேன்னா கட்டை குழல்ல இடிச்சு, குறி எங்கேயோ போகும்."

"கனம் எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"சொன்னா திட்டுவ."

"சொல்லு."

"உன் மதியச் சாப்பாட்டு டப்பா அளவுக்கு. டப்பா மட்டும். உள்ள சாப்பாடு இல்லாம."

ஆர்டிஸ் நெற்றியை மேசையில் சாய்த்துக்கொண்டாள். வெண்டல் அவசரமாக அடுத்த யோசனைக்குத் தாவினான்.

"மரக்கட்டையவே வெச்சுக்கிட்டா என்ன? பின்பக்கம் துளை போட்டு உள்ளுக்குள்ள குடைஞ்சு எடுத்துடறேன். வெளிய ஒண்ணும் தெரியாது."

"அதுல எவ்வளவு குறையும்?"

"ரெண்டு ஆப்பிள் கனம்."

"அப்ப ரெண்டு ஆப்பிளைத் தின்னாம போறேன். விடு."

பேச்சு முடிவதற்குள் அவள் அப்படியே உறங்கிப்போனாள். வெண்டல் அவளை எழுப்பவில்லை. துண்டோடு துப்பாக்கியை மெல்ல நகர்த்தி அவள் கைக்கு இடம் விட்டான். மறுநாள் கார்பன் இழையால் ஆன கட்டை ஒன்றைத் தருவித்தான். விமான இறக்கைகளுக்குப் பயன்படுத்தும் பொருளால் செய்தது. விலையைப் பற்றி அவர்கள் வீட்டில் பேசிக்கொள்ளவில்லை.

அது வந்த பொட்டலம், முறைப்படி, ஆர்டிஸின் கைக்கே வந்தது. அஞ்சலகத்தில் தன் தடத்துக்குரியவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கினாள். அது எதிர்பாராமல் தலைக்கு மேலே எழும்பியது. அனுப்பியவர்கள் உள்ளே எதையும் வைக்க மறந்துவிட்டார்கள் என்று எண்ணி, குறைபாட்டுச் சீட்டை எடுத்த பிறகுதான் முகவரியில் தன் பெயரைக் கண்டாள்.

புதிய கட்டையில் தாளும் தடையின்றி ஓடியது. எவ்வளவு அழுத்தினாலும் அது வளையவில்லை. ஆர்டிஸ் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு பின்மேட்டில் ஏறினாள். உச்சியில் நின்று கீழே பார்த்தாள். கொல்லை வாசலில் வெண்டல் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தான். வெகு காலத்துக்குப் பிறகு அவளுக்குத் தன் உடம்பின் மீது கோபம் தணிந்தது. மலை ஏறிவிடலாம் என்ற எண்ணம், ஓர் ஆசையாக அல்லாமல் ஒரு கணக்காகவே அவளுக்குள் சரியாக வந்தது.

கனம் குறைந்தால் உதை கூடும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. துப்பாக்கி பிடித்த எவருக்கும் தெரிந்த உண்மை அது. ஆனால் மலைவேட்டைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியபின் கனம் ஒன்றைத் தவிர வேறு எதையும் நினைப்பதில்லை. பல்துலக்கியின் காம்பை அறுத்து எறிகிறவர்கள். தேநீர்ப் பைகளின் நூலைக் கிள்ளி எடுக்கிறவர்கள். சுமக்கும் தோளைப் பற்றியே கோடை முழுவதும் பேசினார்கள். சுடும்போது அடிவாங்கப்போவதும் அதே தோள்தான் என்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட சரளைக்கல் குழியில் குறி சரிபார்க்கப் போனார்கள். டயர்க் கடையிலிருந்து ரோலி நேராக வந்திருந்தான். நகக்கண்களில் கறுப்பு அப்பியிருந்தது.

முதல் வெடி. துப்பாக்கி அவள் தோளிலிருந்து துள்ளி எழுந்து, தையல் போட்ட இடத்தைத் தேடிப்பிடித்து அறைந்தது.

"எப்படி இருக்கு?" என்றான் வெண்டல்.

"நல்லாருக்கு."

"உதைக்குதா?"

"துப்பாக்கின்னா உதைக்காம முத்தமா குடுக்கும்?"

முதல் சில தோட்டாக்கள் அட்டையின் நடுவில் நெருக்கமாகப் பாய்ந்தன. பிறகு ஒன்று கீழே போயிற்று. அடுத்தது இன்னும் கீழே. வெண்டல் தொலைநோக்கியின் திருகைச் சந்தேகித்தான், காற்றைச் சந்தேகித்தான். ரோலி ஒன்றையும் சந்தேகிக்காமல் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடு, நான் நிரப்பித் தர்றேன். நீ கொஞ்ச நேரம் தோளை ஆத்திக்கோ."

வண்டியின் பின்னால் போய்த் திரும்பி, தோட்டா அறையை மூடிய துப்பாக்கியை அவளிடம் கொடுத்தான். அவள் சாய்ந்தாள், மூச்சை வெளியே விட்டாள், விசையை அழுத்தினாள்.

வெடிக்கவில்லை. 'டிக்' என்றொரு சிறு சத்தம் மட்டும். ஆனால் குழலின் நுனி மண்ணை நோக்கிக் குனிந்திருந்தது; அவள் கண்கள் இறுக மூடியிருந்தன; தோள் காதுவரை ஏறியிருந்தது. வராத உதைக்காக உடம்பு முழுவதும் சுருண்டு கிடந்தது.

வெற்றுத் தோட்டாவை ஒளித்து வைத்து, உதைக்கு அஞ்சுகிறவர்களைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் செய்வார்கள்.

"பன்னெண்டு வயசுப் பிள்ளைக்குச் செய்யற வேலையை எனக்கே செய்றியாடா?"

"எனக்குப் பன்னெண்டு வயசுல நீதான செஞ்ச, அக்கா. இதே குழியில. நான் அழுதேன், நீ சிரிச்ச."

"இப்ப நீ சிரிக்க வேண்டியதுதான?"

"சிரிப்பு வரல."

அவள் துப்பாக்கியைத் துண்டின் மேல் வைத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் மூவரும் முன்னிருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வெண்டல் குற்றம் செய்தவனைப்போல் மெதுவாக ஓட்டினான்.

"குழல் நுனியில உதையைக் குறைக்கற மூடி ஒண்ணு மாட்டலாம்" என்றான்.

"துப்பாக்கிப் பட்டறைக்காரன் பனி விழறவரைக்கும் நேரமில்லைன்னு சொல்லிட்டானே" என்றான் ரோலி. "வெடிமருந்தைக் குறைச்சு தோட்டா கட்டிக் குடேன், வெண்டல்."

"குடுக்கலாம். ஆனா ரொம்பக் கிட்டப் போய் சுடணும். அந்தப் பாறையில அவ்வளவு கிட்டப் போகணும்னா இன்னும் ஏறணும், இறங்கணும், சுத்தணும்."

"சின்ன ரகத் துப்பாக்கி யார்கிட்டயாவது வாங்கினா?"

ஆர்டிஸ் முதல்முறையாக வாய் திறந்தாள். "மேல காத்து அடிக்கிற அடிக்கு அது போய் எங்க படும்? கால்ல பட்டு, கிடா பாறை இடுக்குல போய்க் கெடந்து சாகும். அதுக்கு நான் உரிமச் சீட்டையே கிழிச்சுப் போட்டுடுவேன்." சற்று நேரம் கழித்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம வாங்க" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே அவள் தினமும் கைநீட்டும் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னே போயின. ஒவ்வொரு பெட்டியும் நாளைக்கு ஒரு கேள்வியோடு காத்திருக்கும். கட்டை பொருந்திச்சா? எத்தனை பவுண்டு குறைஞ்சுது? அதற்கெல்லாம் பதில் சொல்லும் தெம்பு எங்கிருந்து வரும் என்று யோசித்தாள். பிறகு அதை யோசிக்கும் தெம்பும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வெண்டலிடம், "பழைய கட்டையைத் திரும்பப் பூட்டு" என்றாள்.

"அப்புறம் யார் அதைத் தூ..." என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்புளியைத் தேடப் போனான்.

இரண்டு நாள் கழித்து, டயர்க் கடைக்கு வந்த தபாலைப் பெட்டியில் போடாமல் கடைக்குள்ளேயே கொண்டுபோனாள். ரோலி ஒரு லாரிச் சக்கரத்தோடு போராடிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, தபாலுக்கு வாசல் தெரியலையா?"

"ஒரு விஷயம்."

"சொல்லு."

"மலைக்கு. நீ தூக்கிட்டு வர்றியா?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"தெரியாது. அடுப்பையா? கூடாரத்தையா? உன்னையா? வாயைத் தொறந்து கேளு."

அவள் கையிலிருந்த கடிதங்களை அடுக்கிக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள். "என் துப்பாக்கியை."

ரோலி சக்கரத்தை விட்டு நிமிர்ந்தான். ஆயுளெல்லாம் அவன் காத்திருந்த கேலி அது. கைக்கெட்டும் தூரத்தில் பழுத்துத் தொங்கியது. அவன் அதைப் பறிக்கவில்லை.

"மரக்கட்டையா, கரிக்கட்டையா?"

"மரம்."

"நாசமாப் போச்சு" என்றான். "சரி. தூக்குறேன்."

வேட்டை தொடங்கிய வாரத்தில் வெண்டல் அவர்களை மலையடிவாரம்வரை கொண்டுவந்து விட்டான். குதிரைகளுக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்த வழிகாட்டி ஷெர்ம் திரும்பிப் பார்த்தான். அவனுடைய வாடிக்கையாளர்களைத்தான் ஆர்டிஸ் ஆண்டாண்டாகக் கிண்டல் செய்துவந்தாள். ரோலியின் முதுகுப்பையில் கட்டியிருந்த துப்பாக்கியையும் அவளுடைய வெறுங்கையையும் அவன் கண்கள் மாறி மாறி அளந்தன.

"அடடே, ஆர்டிஸ் சீமாட்டி கைவீசிட்டுக் கெளம்பிட்டாங்க! வழிகாட்டிக்குக் கூலி ஒழுங்காக் குடுக்கறீங்களா?"

"சாப்பாடு மட்டும்தான். அதையும் அவன்தான் சமைக்கணும்."

"எங்கிட்ட வந்திருந்தா குதிரையே குடுத்திருப்பேனே!"

"உன் குதிரையைத் தூக்கறதுக்கு இன்னொரு ஆளு வேணும், ஷெர்ம்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் காதோரம் சுட்டது. அந்தச் சூடு முதல் ஏற்றம் முழுவதும் தணியவில்லை. அதற்குமேல் வெட்கப்படுவதற்கு மூச்சு போதவில்லை.

ஏற்றம் அவளைச் சிறுகச் சிறுகத் தின்றது. வெறுங்கையோடு ஏறுவதே உயிரை வாங்கியது. ஒன்பது பவுண்டோடு வந்திருந்தால் முதல் ஓடையிலேயே திரும்பியிருப்பாள் என்பதை அவள் அறிந்தாள், ரோலியும் அறிந்தான். அவன் முன்னே நடந்தான். நிற்க வேண்டும் என்று அவள் கேட்கும் முன்பே, ஒவ்வொரு முறையும் செருப்பில் கல் புகுந்துவிட்டதாகச் சொல்லி நின்றான். அவன் அணிந்திருந்தது முழங்கால் தொடும் பூட்ஸ்.

இரண்டாம் நாள் காலை, சரிந்த கற்களுக்கு அப்பால் ஒரு பாறை விளிம்பில் கிடா படுத்திருந்தது. கொம்புகள் கன்னத்தைச் சுற்றி வளைந்து மீண்டும் கண்மட்டத்துக்கு வந்திருந்தன. ரோலி முதுகுப்பையைக் கிடத்தி, அதன்மேல் துப்பாக்கியை வைத்துவிட்டு விலகினான். ஆர்டிஸ் படுத்தாள். காற்றில் கண் கரித்தது. கிடா எழும்வரை காத்திருக்க வேண்டும். அது எழுவதாக இல்லை. அவள் கன்னத்தை மரத்தில் வைத்துக் கிடந்தாள். படுத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்ததற்காக உடம்பு நன்றி சொன்னது.

"தூங்கிடாத" என்று ரோலி கிசுகிசுத்தான்.

"வாயை மூடுடா."

நிழல் பாறையை விட்டு விலகிய நேரத்தில் கிடா முன்னங்கால்களை ஊன்றி எழுந்து பக்கவாட்டில் நின்றது. அவள் விசையை அழுத்தினாள். துப்பாக்கி தன் கனம் முழுவதையும் கொண்டு அவள் தோளைப் பின்னுக்குத் தள்ளியது, அறையவில்லை. கண்கள் திறந்தே இருந்தன. கிடாவின் முன்னங்கால்கள் மடிவதையும், அது விளிம்பை விட்டு நழுவாமல் அங்கேயே சாய்வதையும் தொலைநோக்கியில் முழுவதுமாகப் பார்த்தாள்.

"விழுந்துருச்சுக்கா! விழுந்துருச்சு! எந்திரி, என்ன, அழறியா?"

"இல்ல. கொஞ்ச நேரம் இப்படியே கெடக்கறேன்."

அருகில் போய், அதன் கழுத்தின் முரட்டு மயிரில் கைவைத்து நின்றபோது மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தாள். வந்தது, களைத்துப்போய், மிகவும் தாமதமாக, அவளைப் போலவே வந்தது. ரோலி அறுத்தான், அவள் கால்களைப் பிடித்துக்கொண்டாள். இறைச்சியைத் துணிப்பைகளில் கட்டினார்கள். தலையும் கொம்பும் தனியாக ஒரு சுமை. ஒரே நடையில் ஆகாது. பாதியை நிழலில் விட்டுவிட்டு, அடுத்த நாள் ரோலி மீண்டும் ஏறிவர வேண்டும். கோடை முழுவதும் ஆப்பிள் கணக்கில் கனம் குறைத்தவர்கள், கற்குவியலின் நடுவே அந்தப் பைகளைப் பார்த்தபடி நின்றார்கள்.

ரோலி முதுகுப்பையை மாட்டினான். எழ முயன்றான்; உட்கார்ந்துவிட்டான். மறுபடி முயன்று, பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, தப்பா நினைக்காத. இதுக்கு மேல துப்பாக்கியையும் கட்டினா நான் உருண்டுதான் எறங்கணும்."

"உன்னை யாரு கட்டச் சொன்னா?"

அவள் தோட்டாக்களை அகற்றி, துப்பாக்கியை இடத்தோளில் மாட்டினாள். பழக்கமில்லாத தோள், வார் வழுகிக்கொண்டே இருந்தது. சிறிது தூரம் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்; சிறிது தூரம் விறகைப் போல இரு கைகளிலும் ஏந்தினாள். முன்னே ரோலி, சுமையின் கீழே தலை தெரியாமல் நடந்துகொண்டிருந்தான். இப்போது அவனும் செருப்பில் கல் என்று சொல்லவில்லை, வெறுமனே நின்றான்.

கற்சரிவின் அடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். கூடாரம் இன்னும் ஒரு சரிவுக்குக் கீழே இருந்தது.

"போலாமா?" என்றான் ரோலி.

"நீ எந்திரி முதல்ல."

"நீ எந்திரி. நீதான சுட்ட?"

இருவரும் எழவில்லை. ஒரு காக்கை தலைக்கு மேல் வட்டமிட்டு, அவர்கள் இன்னும் உயிரோடு இருப்பதை உறுதிசெய்துகொண்டு போயிற்று. பிறகு ஆர்டிஸ் துப்பாக்கியின் அடிப்பாகத்தைக் கற்களில் ஊன்றி, அதன் நடுவைப் பற்றி, தன் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்து மெல்ல எழுந்தாள். மரம் கல்லில் உரசி ஓசையிட்டது.

"அய்யய்யோ, கட்டை பூரா கீறல் விழுதுக்கா!"

"விழட்டும்" என்றாள். அதை மீண்டும் ஊன்றி, அடுத்த கல்லுக்குக் காலை இறக்கினாள்.